இரையாகிய விலாங்கு: அத்திலாந்திக் கரையோர மீன்பிடி வரலாற்றில் ஒரு நோக்கு

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இரு பகுதியாரிடத்தும் நல்லவராய் நடந்து தம் நலம் காப்போரைச் சுட்டுவதற்கு இதனைப் பயன்படுத்துகின்றோம். தந்திரத்தாற் பிழைத்துக்கொள்ளும் உயிர் என்ற கருத்தே இப்பழமொழியின் அடிப்படையாகும். ஆனால் விலாங்கு மனிதனோடு கொண்ட தொடர்பின் வரலாற்றை நோக்குமிடத்து, அது யாரிடமிருந்தும் தப்பிப் பிழைத்ததாகத் தெரியவில்லை. உண்பாரிடத்து உணவாகவும், பெருமீன் பிடிப்பாரிடத்து இரையாகவும், வணிகரிடத்து விலைப்பொருளாகவும் அது அகப்பட்டே வந்திருக்கின்றது.

உயிருள்ள விலாங்கைத் தூண்டிலிற் கோத்துப் பெருமீன் பிடிக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்திற் சிறப்பாக நிலைபெற்றுள்ளது. மசச்சூசெற்ஸ், றோட் ஐலண்ட், கனெற்றிக்கற், நியூயோர்க் ஆகிய மாநிலங்களின் கரைகளில் இரவு வேளையில் ஸ்ரைப்ட் பாஸ் என்னும் மீனைப் பிடிப்போர் இதனையே தலைசிறந்த இரையாகக் கொள்வர். உடலின் பக்கங்களில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடுவதால் அப்பெயர் பெற்ற அம்மீனை இக்கட்டுரையில் வரிமீன் என்றே குறிப்பிடுவோம்.

மீன்பிடி பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் பிடிபட்ட மீனின் வரலாறுகளாகவே எழுதப்பட்டுள்ளன. தூண்டிலில் இரையாகக் கோக்கப்பட்ட மீனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலர் எண்ணுவதில்லை. வரிமீன், விலாங்கு ஆகிய இரண்டும் ஒரே கரையில், ஒரே மக்களின் கையில் அகப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் அருகத் தொடங்கியவை. அவற்றுள் ஒன்று சட்டத்தினாற் காக்கப்பட்டுப் பெருகிற்று. மற்றையது அவ்வாறு பெருகவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மீன்களின் இயல்பு

இவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு முதலில் இவ்விரு மீன்களின் வாழ்க்கை முறையை அறிதல் வேண்டும். இரண்டும் உவர்நீருக்கும் நன்னீருக்கும் இடையே இடம்பெயர்வன. ஆனால் அவை செல்லும் திசைகள் நேர்மாறானவை.

வரிமீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலோரத்திற் கழித்து, இளவேனிற் காலத்தில் முட்டையிடுவதற்கு ஆற்றினுள் ஏறுகின்றது. செசபீக் குடாவில் விழும் பொற்றோமாக், சொப்ராங் முதலிய ஆறுகளும், அட்சன், டெலவெயர் ஆகிய ஆறுகளும் அதன் முக்கியமான பிறப்பிடங்கள். தான் பிறந்த ஆற்றுப் பகுதிக்கே பெரும்பாலும் திரும்பி வருவது அதன் இயல்பு. பல ஆண்டுகள் வாழ்ந்து பலமுறை முட்டையிடுவதும் அதன் இயல்பே.

விலாங்கோ ஆற்றிலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிடுவதற்குக் கடலை நோக்கிச் செல்கின்றது. அது எங்கே பிறக்கின்றது என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரை மயக்கிய வினாவாகும். விலாங்கிற் சினையைக் காணாத அரிஸ்ரோட்டில் அது சேற்றிலிருந்து தோன்றுகின்றது எனக் கொண்டார். பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வின் தந்தையாகப் புகழ்பெற்ற சிக்மண்ட் புறொய்ட், மாணவனாக இருந்த 1876 இல், திரியெஸ்ற் நகரில் ஏறத்தாழ நானூறு விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடியமை அறிவியல் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி. டென்மார்க்கைச் சேர்ந்த யொகான்னஸ் சிமித் 1904 முதல் கடலிற் பயணஞ்செய்து, இலைபோன்ற விலாங்குக் குடம்பிகளைச் சேகரித்து, அவற்றுள் மிகச் சிறியன எங்கே கிடைக்கின்றன என்று தேடிச் சென்றார். ஐரோப்பிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் வட அத்திலாந்திக்கின் சார்காசோக் கடலிற் பிறக்கின்றன என்ற முடிவை 1920களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்டார். எனினும் அங்கே முட்டையிடும் விலாங்கை இதுவரை ஒருவரும் கண்ணாற் கண்டதில்லை.

சார்காசோவிற் பிறக்கும் குடம்பிகள் நீரோட்டத்தினாற் கரையை நோக்கிக் கொண்டுவரப்படுகின்றன. கரையை அணுகும்போது அவை கண்ணாடி போன்ற ஒளிபுகும் குஞ்சுகளாகின்றன. பின்னர் நிறம்பெற்று ஆறுகளில் ஏறி, சில ஆண்டுகள் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வளர்கின்றன. இறுதியில் வெள்ளிநிறம் பெற்று, உண்பதை நிறுத்தி, ஓர் இலையுதிர்கால இரவிலே கடலை நோக்கிப் புறப்படுகின்றன. ஒருமுறை முட்டையிட்டபின் மடிகின்றன.

இங்கே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, ஆற்றிலும் களப்பிலும் பிடிக்கப்படும் விலாங்கு ஒவ்வொன்றும் இன்னும் ஒருமுறையேனும் முட்டையிடாத விலாங்கு. இரண்டாவது, விலாங்குக் குஞ்சு தன் தாய் வளர்ந்த ஆற்றுக்குத் திரும்பி வருவதில்லை. நீரோட்டம் கொண்டு சேர்க்கும் கரையையே அது அடைகின்றது. கிறீன்லாந்து முதல் தென் அமெரிக்காவின் வடகரை வரை பரந்துள்ள அமெரிக்க விலாங்குகள் யாவும் ஒரே இனப்பெருக்கக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவ்விரண்டாவது செய்தியின் முக்கியத்துவம் பின்னர்ப் புலப்படும்.

உணவாக இருந்த காலம்

ஐரோப்பியர் வருமுன்னரே அக்கரையின் பழங்குடி மக்கள் விலாங்கை நன்கு அறிந்திருந்தனர். ஆற்றின் குறுக்கே கற்களை ஆங்கில வி எழுத்தின் வடிவில் அடுக்கி, கடலை நோக்கி இறங்கும் விலாங்குகளை ஒரு முனையில் ஒடுக்கிப் பிடிக்கும் முறை அவர்களிடம் இருந்தது. குளிர்காலத்திற் சேற்றினுள் ஒடுங்கிக் கிடக்கும் விலாங்கை, நம்மவர் மண்டா என்று கூறும் கருவியை ஒத்த பலமுனை ஈட்டியாற் குத்தி எடுக்கும் முறையும் இருந்தது. கொழுப்பு மிகுந்த விலாங்கின் ஊன், பிற உணவு அரிதான மாதங்களில் அவர்களைக் காத்தது.

1620 ஆம் ஆண்டின் இறுதியில் பிளிமத்தில் வந்திறங்கிய ஆங்கிலக் குடியேறிகளுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் முதற் குளிர்காலத்திலேயே மடிந்தனர். எஞ்சியோர் 1621 மார்ச்சு மாதத்தில் அப்பகுதித் தலைவரான மசசொயிற்றுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதற்கு மறுநாள் திஸ்குவாந்தம் என்னும் பழங்குடி மனிதர் விலாங்கு பிடிக்கச் சென்றார். கருவி எதுவுமின்றிக் காலாற் சேற்றை மிதித்து விலாங்குகளை வெளிப்படுத்தி, கையாற் பற்றி, சுமக்கக்கூடிய அளவு கொண்டுவந்து அவர்களுக்குக் கொடுத்தார் என்று 1622 இல் இலண்டனில் வெளியான குடியேறிகளின் குறிப்பு கூறுகின்றது. அவை கொழுத்தும் இனித்தும் இருந்தன என்றும் அக்குறிப்புச் சொல்கின்றது. பிற்காலத்தார் அக்குடியேற்றத்தின் நினைவாக வான்கோழி உண்டு விழாக் கொண்டாடுகின்றனர். அம்மக்களின் பசியைத் தணித்த விலாங்கு அவ்விழா உணவில் இடம்பெறவில்லை.

வரிமீனின் நிலை வேறு. தொடக்கத்திலேயே அதற்குச் சட்டத்தில் ஓரிடம் கிடைத்தது. குடியேறிகள் மீனை வயலுக்கு உரமாக இட்டு வந்தனர். 1639 இல் மசச்சூசெற்ஸ் குடாக் குடியேற்றத்தின் பொதுமன்றம், கொட் மீனையும் வரிமீனையும் உரமாகப் பயன்படுத்தலாகாது எனத் தடை விதித்தது. 1670 இல் பிளிமத் குடியேற்றம், கொட் முனையில் வரிமீன் முதலியவற்றைப் பிடிப்பதால் வரும் வருவாயை இலவசப் பாடசாலையொன்றை நடத்துவதற்கு ஒதுக்கிற்று. ஒரு மீன் பொதுச் செல்வம், அதனை வீணாக்குவது பொதுக் குற்றம் என்ற எண்ணம் அந்நாட்டிலே இவ்வாறு முளைகொண்டது. ஆனால் அவ்வெண்ணம் விலாங்கு வரை எட்டவில்லை. விலாங்கு எங்கும் இருந்தது. எக்குளத்திலும் எச்சேற்றிலும் கிடைத்தது. எங்கும் கிடைப்பதற்குச் சட்டம் எதற்கு என்று மக்கள் எண்ணியிருத்தல் கூடும்.

இரையாக மாறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரிமீன் பிடித்தல் செல்வரின் பொழுதுபோக்காயிற்று. நியூயோர்க் நகரச் செல்வர்கள் 1864 இல் மசச்சூசெற்ஸ் கரைக்கு அப்பாலுள்ள கற்றிகங்க் தீவில் ஒரு கழகத்தை நிறுவினர். அயலிலுள்ள பாஸ்க் தீவிலும் அதனைப் போன்ற கழகம் தோன்றிற்று. கரைப்பாறைகளின் மீது இரும்புக் கால்கள் நாட்டிப் பலகை பரப்பி மேடைகள் அமைத்து, எவருக்கு எந்த மேடை என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தனர். உறுப்பினர் மேடையில் நின்று தூண்டில் வீச, உள்ளூர் மனிதர் ஒருவர் அருகில் இருந்து இரை வெட்டிக் கொடுப்பார்; மென்ஹேடன் என்னும் எண்ணெய் மிகுந்த மீனை நறுக்கி நீரிலே தூவி வரிமீனை அழைப்பார்; பிடிபட்ட மீனைக் கொக்கியால் இழுத்துக் கரைசேர்ப்பார். அன்று அவர்கள் விரும்பிய இரை சிங்க இறாலின் வால். இன்று விருந்து மேசைகளில் உயர்ந்த விலைக்குப் பரிமாறப்படும் இறாலை அவர்கள் தூண்டிலிலே கோத்தனர். எது உணவு, எது இரை என்பது பொருளின் இயல்பினால் அன்றிக் காலத்தினாலும் விலையினாலும் தீர்மானிக்கப்படுவது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நூற்றாண்டின் இறுதியில் வரிமீன் அருகியது; கழகங்களும் ஒவ்வொன்றாக ஒடுங்கின. இருபதாம் நூற்றாண்டில் மீன்பிடி பொதுமக்களின் பொழுதுபோக்காயிற்று. சுழல்தண்டு பூட்டிய நீண்ட கோலுடன் மணற்கரையில் நின்று அலைக்கு அப்பால் வீசும் முறை பரவிற்று. இவ்வாறு வீசியோர் சிங்க இறாலைக் கைவிட்டு விலாங்கை நாடினர். முதலில் விலாங்கின் தோலை உரித்து ஈயத் தலையின் மேற் போர்த்து நீரில் இழுத்தனர். இறந்த விலாங்கினுள் இரண்டு முட்களைக் கோத்தும் வீசினர். உயிருள்ள விலாங்கையே வீசும் முறையும் இவற்றோடு வளர்ந்து, பெருமீன் வேட்டைக்கு நிகரற்றது என்ற மதிப்பைப் பெற்றது.

இதற்குக் காரணங்கள் உள. வரிமீன், சிறப்பாக அதனுள் முதிர்ந்த பெரிய பெண்மீன், இரவிற் பாறைகளுக்கிடையிலும் ஆற்றுமுகங்களிலும் இரைதேடுவது. விலாங்கும் இரவில் நடமாடுவது. எனவே இருளில் நெளிந்து செல்லும் நீண்ட உடல் வரிமீனுக்குப் பழகிய உணவு. மேலும் வேறு சிறுமீன்களை உயிரோடு கொண்டுசெல்வதற்கு ஓடும் நீர்த்தொட்டி வேண்டும். தொட்டியிலும் அவை விரைவில் இறந்துவிடும். விலாங்கோ ஈரம் இருக்குமாயின் தோலினாலும் மூச்சுவிடுவது. ஈரச் சாக்கிலோ கடற்பாசியிலோ சுற்றி வைத்தால் இரவு முழுவதும் உயிரோடிருக்கும். தூண்டிலில் கோத்துப் பலமுறை வீசினாலும் அது இறப்பதில்லை. எளிதில் இறவாத இவ்வியல்பே அதனை மற்றெல்லா இரையினும் மேம்பட்ட இரையாக்கிற்று.

கையாளும் முறையும் குறிப்பிடத்தக்கது. வழுக்கும் உடலைப் பற்றுவதற்குத் துணி வேண்டும். ஐஸ் மீது சிறிது நேரம் வைத்தால் விலாங்கு குளிரினால் மந்தமடையும். அப்போது முள்ளைக் கீழ்த்தாடையின் வழியே ஏற்றி, மேல்வாய் வழியாகவோ கண்குழி வழியாகவோ வெளிக்கொணர்வர். நீரில் வீழ்ந்ததும் குளிர் நீங்கி அது விழித்து, அடியிலுள்ள பாறையை நோக்கி ஓட முயலும். வீசுபவர் நூலை மெல்ல மெல்லச் சுருட்டி அதனை மேலே வைத்திருக்க வேண்டும். தளர்ந்தால் அது கல்லிடுக்கிற் புகும். அல்லது தன் உடலையே முடிச்சாக்கி நூலைச் சிக்கலாக்கிவிடும். வரிமீன் அணுகும்போது விலாங்கின் பதற்றம் நூல் வழியாகக் கைக்குத் தெரியும் என்று பழகியவர் கூறுவர். அப்பதற்றமே வேட்டைக்காரனுக்கு அறிவிப்பாகின்றது.

செசபீக் குடாவிலே நண்டு பிடிப்போரும் விலாங்கை இரையாகப் பயன்படுத்தினர். உப்பிட்ட விலாங்கைத் துண்டுதுண்டாக வெட்டி, நீண்ட கயிற்றில் இடைவெளிவிட்டுக் கட்டி, நீரின் அடியிற் கிடத்துவர். நண்டு இரையைப் பற்றியிருக்கும்போதே கயிற்றை உயர்த்தி வலையால் ஏந்துவர். இவ்வாறு கூடுகளிற் பிடிக்கப்பட்ட விலாங்கிற் கணிசமான பகுதி பிறவற்றைப் பிடிப்பதற்கான கருவியாயிற்று. மேற்கு அத்திலாந்திக் கரையில் விலாங்கு உண்ணும் பழக்கம் குறையக் குறைய, இரை என்பதே அதன் முதன்மையான அடையாளமாக மாறிற்று.

வரிமீனின் வீழ்ச்சியும் மீட்சியும்

செசபீக் குடாவின் மேரிலாந்துப் பகுதியில் 1954 முதல் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. குறித்த இடங்களிற் கரைவலை இழுத்து, அவ்வாண்டு பிறந்த வரிமீன் குஞ்சுகள் சராசரியாக வலைக்கு எத்தனை அகப்படுகின்றன என்று எண்ணுவதே அம்முறை. 1970 இற் கிடைத்த தொகை அதுவரை கண்டவற்றுள் மிகப் பெரியது. அக்குஞ்சுகள் வளர்ந்து கடலை நிரப்பின, பிடிப்பும் பெருகிற்று. 1973 இல் வணிகப் பிடிப்பு ஏறத்தாழ 1 கோடியே 47 இலட்சம் இறாத்தலை எட்டியது. ஆனால் அதன்பின் நல்ல பிறப்பு ஆண்டுகள் வரவில்லை. பத்தாண்டுக்குள் பிடிப்பு அதன் காற்பங்கிற்கும் கீழே சரிந்தது.

1979 இல் அமெரிக்க மத்திய அரசு அவசர ஆய்வொன்றிற்கு ஆணையிட்டது. 1942 இல் அமைக்கப்பட்ட அத்திலாந்திக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணைக்குழு 1981 இல் வரிமீனுக்கென ஒரு திட்டத்தை வகுத்தது. 1984 இல் அமெரிக்கப் பேரவை வரிமீன் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஆணைக்குழுவின் திட்டத்தை ஏற்று நடக்காத மாநிலத்தில் வரிமீன் பிடிப்பை முற்றாகத் தடைசெய்யும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்கு அளித்தது. 1985 ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து மேரிலாந்து மாநிலம் தன் எல்லையுள் வரிமீன் பிடிப்பை முழுமையாக நிறுத்தியது. அக்குடாவையே நம்பி வாழ்ந்த மீனவருக்கு இது பேரிடியாக இருந்தது என்பதை மறத்தலாகாது. கரைவலைக் கணக்கின் மூன்றாண்டுச் சராசரி குறித்த அளவை எட்டியபின், 1990 இல் தடை தளர்த்தப்பட்டது. 1995 இல் வரிமீன் மீட்கப்பட்டது என்று ஆணைக்குழு அறிவித்தது. மீன்வளப் பாதுகாப்பு வரலாற்றில் இது ஒரு பெருவெற்றியாகப் போற்றப்படுகின்றது.

அவ்வெற்றியின் உச்சம் எனத்தக்க ஒரு நிகழ்ச்சியில் விலாங்குக்கும் பங்குண்டு. 2011 ஓகஸ்ற் 4 ஆம் நாள் இரவு, கனெற்றிக்கற் மாநிலத்தின் வெஸ்ற்புறூக் கரைக்கப்பால், கிறெக் மையர்சன் என்பவர் 81 இறாத்தல் 14 அவுன்ஸ் நிறையுள்ள வரிமீனைப் பிடித்தார். 1982 இல் அத்திலாந்திக் நகரில் அல்பேட் மக்றெனல்ட்ஸ் பிடித்த 78 இறாத்தல் 8 அவுன்ஸ் மீனின் உலகச் சாதனையை அது முறியடித்தது. மையர்சன் பயன்படுத்திய இரை உயிருள்ள விலாங்கு. பிடித்தவரின் பெயரும், மீனின் நிறையும், நாளும் இடமும் சாதனை ஏட்டில் உள்ளன. இரையும் அங்கே ஒரு சொல்லாக இடம்பெற்றுள்ளது, கருவிகளின் வரிசையில்.

விலாங்கின் நிலை

வரிமீனுக்கு முதற் சட்டம் 1639 இல் வந்தது எனக் கண்டோம். விலாங்குக்கெனக் கரை முழுவதற்குமான முதலாவது திட்டத்தை மேற்கூறிய ஆணைக்குழு 1999 இலேயே ஏற்றுக்கொண்டது. இடைவெளி 360 ஆண்டுகள். 2012 இல் வெளியான மதிப்பீடு ஐக்கிய அமெரிக்காவின் விலாங்கு வளம் குன்றிய நிலையிலுள்ளது என்றது. 2023 இன் மதிப்பீடும் அதனையே கூறிற்று.

இதற்குத் தூண்டிலிரையே காரணம் என்று கூறினால் அது வரலாற்றுப் பிழையாகும். மிகப் பெரிய காரணம் அணைகள். சஸ்குவெகன்னா ஆற்றின் குறுக்கே 1928 இற் கட்டிமுடிக்கப்பட்ட கொனோவிங்கோ அணை, அப்பேராற்றின் மேற்பகுதி முழுவதையும் விலாங்குக்கு மூடிவிட்டது. அதன் விளைவு விலாங்கோடு நிற்கவில்லை. அவ்வாற்றின் நன்னீர் மட்டிகளுள் ஒருவகை தன் குடம்பிகளை விலாங்கின் செவுளில் ஒட்டவைத்துப் பரப்புவது. நீரை வடிகட்டித் தூய்மைப்படுத்தும் அம்மட்டியும் விலாங்கு மறைந்த இடங்களிற் புதிய தலைமுறையின்றி முதுமையுற்றது. ஆசியாவிலிருந்து வந்து விலாங்கின் காற்றுப்பையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு மற்றொரு காரணம். கண்ணாடிக் குஞ்சுகளைப் பிடித்து ஆசியப் பண்ணைகளுக்கு ஏற்றுவது வேறொரு காரணம். 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் விலாங்கின் ஏற்றுமதியைத் தடைசெய்தபின் அமெரிக்கக் குஞ்சின் விலை ஏறியது. 2018 இல் மேய்ன் மாநிலத்தில் ஓர் இறாத்தல் குஞ்சு சராசரியாக 2000 டொலருக்கு மேல் விற்றது.

இவற்றோடு ஒப்பிடுகையில் இரைக்காகப் பிடிக்கப்படும் விலாங்கு சிறுதொகையே. ஆயினும் இரை என்ற மதிப்பு விலாங்கின் மீதான பொதுமக்களின் எண்ணத்தை வடிவமைத்தது. அதனைக் கடையில் டசின் கணக்கில் வாங்கும் பொருளாகவே கரையோர மக்கள் அறிந்தனர். 2013 இல் ஆணைக்குழு இரைக்கும் எல்லை வகுத்தது: ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த விலாங்கைப் பிடிக்கலாகாது; பொழுதுபோக்காகப் பிடிப்பவர் நாளொன்றுக்கு 25 மட்டுமே வைத்திருக்கலாம்.

விலாங்கை இரையென்று கருதாத மக்களும் அக்கரையில் உளர் என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கனடாவின் நோவா ஸ்கோசியாவில் மிக்மாக் இனத்தவரான டொனால்ட் மார்ஷல் 1993 இல் 463 இறாத்தல் விலாங்கைப் பிடித்து 787 டொலர் 10 சதத்துக்கு விற்றார். உரிமம் இன்றிப் பிடித்து விற்றார் எனவும், மூடிய பருவத்திற் பிடித்தார் எனவும் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1760, 1761 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயரோடு தம் முன்னோர் செய்த உடன்படிக்கை தமக்கு அவ்வுரிமையை அளிக்கின்றது என அவர் வாதித்தார். 1999 செப்டெம்பர் 17 ஆம் நாள் கனடாவின் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்று அவரை விடுவித்தது. ஒரு சாரார்க்கு டசின் கணக்கில் வாங்கும் இரையாகிய அதே விலாங்கு, மற்றொரு சாரார்க்கு ஓர் உடன்படிக்கையை உயிர்ப்பித்த சான்றாயிற்று.

வேறுபாட்டின் காரணம்

வரிமீன் காக்கப்பட்டமைக்கும் விலாங்கு பிந்தியமைக்கும் காரணமாகச் சிலர் மனிதரின் விருப்பு வெறுப்பைக் கூறுவர். வரிமீன் அழகியது, சுவையானது, போராடுவது. விலாங்கு பாம்பை ஒத்தது, வழுக்குவது. இது ஓரளவு உண்மையே. ஆனால் இது மட்டுமே காரணமாகாது. வேறொரு காரணம் இம்மீன்கள் இடத்தோடு கொண்ட உறவில் இருப்பதாகத் தோன்றுகின்றது.

வரிமீன் பிறந்த ஆற்றுக்குத் திரும்புவது. ஆகவே மேரிலாந்து மாநிலம் ஐந்தாண்டு பட்டினி கிடந்ததன் பயனை மேரிலாந்தின் கரைவலையிலேயே எண்ணிக் காண முடிந்தது. தியாகம் செய்தவரும் பயன் கண்டவரும் ஒருவரே. அங்கே சட்டத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். விலாங்குக்கோ அவ்வாறு இல்லை. ஒரு மாநிலம் தன் ஆற்று விலாங்கைக் காத்துக் கடலுக்கு அனுப்பினால், அதன் குஞ்சு அவ்வாற்றுக்கே வரும் என்ற உறுதி இல்லை. ஓர் ஆற்றில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டாலும், மறு ஆண்டு வேறெங்கோ வளர்ந்த தாயின் குஞ்சுகள் அவ்வாற்றில் வந்து ஏறும். அழித்தவர் இழப்பை உணர்வதில்லை. காத்தவர் பயனைக் காண்பதில்லை. எவருடைய ஆற்றுக்கும் உரியதல்லாத உயிருக்குப் பொறுப்பேற்பார் எவர் என்ற வினாவுக்கு ஆறு ஆறாகவும் மாநிலம் மாநிலமாகவும் அமைந்த ஆட்சிமுறையிடம் விடை இருக்கவில்லை. பல மாநிலங்களை ஒன்றுகூட்டிய ஆணைக்குழுவும் கரையின் ஒரு பகுதிக்கே பேச வல்லது. சார்காசோக் கடலின் பெரும்பகுதி எந்நாட்டின் ஆட்சிக்கும் உட்பட்டதன்று.

அண்மைய விதியொன்று இதனை நன்கு விளக்குகின்றது. வரிமீன் வளம் மீண்டும் குன்றியுள்ளது என்பது 2019 இல் தெளிவாயிற்று. எனவே இயற்கை இரையால் வரிமீன் பிடிப்போர் 2021 முதல் வட்ட வடிவ முள்ளையே பயன்படுத்த வேண்டும் என ஆணைக்குழு விதித்தது. பழைய வளைமுள் வயிற்றினுட் சென்று குத்துவதால், பிடித்து விடப்படும் மீன்களிற் பல பின்னர் இறக்கின்றன. வட்டமுள் பெரும்பாலும் வாயோரத்திலேயே கொளுவும். வரிமீனின் உயிரைக் காக்கும் நல்ல விதி அது. அம்முள்ளிற் கோக்கப்படும் விலாங்கின் உயிரைப் பற்றி அவ்விதியிற் பேச்சில்லை. விதி இயற்றியோரைக் குறை கூறுவதற்கு இதனைச் சொல்லவில்லை. ஒரு முள்ளில் இரண்டு உயிர்கள் இருக்க, சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே புலப்படுகின்றது என்பதைக் காட்டுவதற்கே சொல்கின்றோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், விலாங்கு உணவு என்ற நிலையிலிருந்து இரை என்ற நிலைக்கு இறங்கியது அதன் இயல்பில் நேர்ந்த மாற்றத்தினால் அன்று என்பது புலனாகும். அது அன்றும் இன்றும் அதே மீன். மாறியது மனிதர் அதற்கு அளித்த இடம். சிங்க இறால் இரையிலிருந்து விருந்துக்கு ஏறியது. விலாங்கு விருந்திலிருந்து இரைக்கு இறங்கியது.

வரலாறு கற்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மன்னரும் போரும் மட்டுமே வரலாறு என்ற கருத்து நீங்கி, உழைப்போரும் உற்பத்தியும் வரலாற்றுக்குப் பொருளாயின. மீனும் ஆறும் காடும்கூட இன்று ஆராயப்படுகின்றன. ஆயினும் அங்கேயும் பெயர் பெற்றவற்றின் வரலாறே முதலில் எழுதப்படுகின்றது. வரிமீனின் வீழ்ச்சியையும் மீட்சியையும் ஆண்டு ஆண்டாக எழுதலாம். எண்ணிக்கை உண்டு, சட்டம் உண்டு, சாதனை ஏடு உண்டு. விலாங்கின் வரலாற்றைத் தேடுவோன் பிறவற்றின் ஏடுகளின் ஓரங்களிலேயே அதனைப் பொறுக்கி எடுக்க வேண்டியுள்ளது: பசித்த குடியேறிகளின் குறிப்பில் ஒரு வரி, நண்டுக்காரனின் கயிற்றில் ஒரு துண்டு, நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு நிறை, சாதனைப் பட்டியலில் ஒரு சொல்.

1999 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் மேய்ன் மாநிலத்தின் கென்னபெக் ஆற்றிலே, 1837 முதல் நின்ற எட்வேட்ஸ் அணை உடைக்கப்பட்டது. விலாங்குத் திட்டமும் மார்ஷல் தீர்ப்பும் வந்த அதே ஆண்டு அது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக மறிக்கப்பட்டிருந்த அவ்வழி வரிமீனுக்கும் திறந்தது, விலாங்குக்கும் திறந்தது. அவ்வாற்றில் இன்று ஏறும் விலாங்குக் குஞ்சின் தாய் எந்த ஆற்றில் வளர்ந்தது என்பதை எவரும் அறியார். அறியாத ஒன்றன் பொருட்டும் ஓர் ஆற்றைத் திறந்துவிட மனிதரால் இயலும் என்பதற்கு அது ஒரு சான்று. அத்தகைய சான்றுகள் இன்னும் சிலவே.